ஊதிப் பார்த்தால்தான் தெரியும்

கிளி வளர்க்கிற இடத்தில் வேலை என்றதும் வீட்டில் சிரித்தார்கள். பண்ணை என்பதே பெரிய வார்த்தைதான். ஒரு மொட்டைமாடி, தகரக் கூரை, கம்பிவலைக் கூண்டுகளில் நாற்பது ஜோடி. ஊரே 'லவ் பேர்ட்ஸ்' என்று வாங்கிப் போவது உண்மையில் பட்ஜி, ஆஸ்திரேலியாக்காரன். அசல் லவ் பேர்ட்ஸை 'ஆப்பிரிக்கன்' என்போம். பேசுகிற பச்சைக்கிளி கேட்டு வாரம் ஒருத்தராவது படியேறி வருவார். 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டப்படி அதைக் கூண்டில் வைப்பது குற்றம் என்றால், "பக்கத்து வீட்ல வச்சிருக்காங்களே" என்பார்.

சேர்ந்த நாலாம் நாள், பண்ணையை நடத்துகிற அண்ணன் வெளியூர் போயிருந்தார். தீனிக் கிண்ணங்கள் எல்லாம் நிறைந்திருந்தன. தண்ணீரை மட்டும் மாற்றிவிட்டு இறங்கிவிட்டேன். மறுநாள் காலை வந்தவர் ஒரு கிண்ணத்தை எடுத்து ஊதினார். உமி பறந்தது, அடியில் ஒரு தினைகூட இல்லை. பட்ஜி தோலை உரித்துத் தின்றுவிட்டு உமியை அதே கிண்ணத்தில் உதிர்த்துவிடும். முட்டையிடக் கூண்டில் மாட்டியிருக்கும் பானைக்குள் கைவிட்டு ஒரு குஞ்சை எடுத்துக் காட்டினார். கழுத்தடியில் இரை தங்கும் தீனிப்பை ஒட்டிப்போய்க் கிடந்தது. "பாரு" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

கை பட்டால் தாய் சேர்க்காது என்பதெல்லாம் சும்மா. ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டை, ஒரு ஈட்டுக்கு நாலு முதல் ஆறு, ஒவ்வொன்றும் பொரிய 18 நாள். அதனால் ஒரே பானையில் இறகு முளைத்ததும் இருக்கும், சுண்டுவிரல் அளவுக்கு வெறும் தோலாகவும் ஒன்று இருக்கும். மிதிபடும் கடைக்குட்டியை அதே வயதுக் குஞ்சுகள் உள்ள பானைக்கு மாற்றிவிடுவோம். அந்தத் தாய் தன் பிள்ளையாகவே ஊட்டும்.

பங்குனி வெயிலில் ஒரு சாம்பல் பெட்டை மூன்றாவது ஈட்டில் இருந்தது. சிலிர்த்துக்கொண்டு பானைக்குள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, அடைகாக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன். மறுநாள் கூண்டுத் தரையில் கிடந்தது. மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கியது. வயிற்றடியில் தொட்டால் முட்டை கட்டியாகத் தட்டுப்பட்டது. சுண்ணாம்புச் சத்து வற்றிப்போனால் முட்டையைத் தள்ளத் தசைக்குத் தெம்பிருக்காது. பல்பு போட்டுச் சூடு காட்டினோம். டாக்டரிடம் கொண்டுபோக விடியட்டும் என்றிருந்தோம், அதற்குள் போய்விட்டது. சுண்ணாம்புச் சத்துக்காக மாட்டிய கணவாய் ஓடு கம்பியிலேயேதான் தொங்கியது. அவள் கொத்தினாளா என்று ஒருநாளும் நான் கவனித்ததில்லை.

இரண்டு ஈட்டுக்கு மேல் வேண்டாம், பானைகளைக் கழற்றிவிடலாம் என்றேன். ஆர்டர் இருக்கிறதே என்று அண்ணன் முனகினார். வாடகை அவர் தலையில். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ரெண்டு நாள் கழித்து அவரே ஏணி போட்டுக் கழற்றினார்.

பானை இருந்த இடத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெட்டைகள் கத்தின கத்தலில் காது அடைத்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு அண்ணன் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "இப்ப குஞ்சு இல்ல சார். ஆவணிக்கு மேல வாங்க."