பழுப்பேறிய எபிரேய எழுத்தும் மூன்று நாட்டு மருந்துச் சரக்கும்

இடைக்கால யூதச் சுவடிகளை வைத்திருக்கும் அருங்காட்சியகக் கூடங்களில் கூட்டம் மொய்ப்பது தங்கப்பூச்சையும் ஓவியத்தையும் பார்க்கத்தான். மனித உடலுக்குப் பறவைத் தலை வரைந்த ஹகாதா ஒன்று எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1300 வாக்கில் தென் ஜெர்மனியில் எழுதியது. ஹகாதா என்பது யூதர்களின் பாஸ்கா பண்டிகை விருந்தின்போது வீட்டில் வாசிக்கும் நூல். 1350 வாக்கில் ஸ்பெயினில் உருவான இன்னொரு ஹகாதா சரயேவோவில் இருக்கிறது. படங்கள் அழகுதான். ஆனால் அவற்றை வைக்கும் கண்ணாடிப் பேழைக்கு ஏன் இவ்வளவு மங்கலான விளக்கு, ஏன் சில மாதங்களுக்கு ஒருமுறை பக்கத்தைத் திருப்பி வைக்கிறார்கள் என்று கேட்டால் பாதி விடை மையில் இருக்கிறது. அந்த மைக்கான சரக்கு மூன்றும் மதுரை கீழமாசி வீதிப் பக்கம் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும்: மாசிக்காய், அன்னபேதி என்கிற இரும்பு உப்பு, கருவேலம்பிசின்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு அளவு இது. மாசிக்காய் 30 கிராம், அன்னபேதி 20 கிராம், பிசின் 10 கிராம், தண்ணீர் 300 மில்லி. மூன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு ஒன்று என்ற இந்தக் கணக்கு பழைய ஐரோப்பியக் குறிப்புகளில் அடிக்கடி வருவது.

மாசிக்காயை உரலில் ஒன்றிரண்டாக இடித்தால் போதும். மாவாக்கினால் வடிகட்டும்போது துணி அடைத்துக்கொள்ளும். மண்சட்டியிலோ கண்ணாடிப் பாத்திரத்திலோ தண்ணீர் ஊற்றி இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். இரும்புச் சட்டி வேண்டாம், அன்னபேதி போடும் முன்பே கறுத்துவிடும். மதுரை போர் தண்ணீரும் வேண்டாம். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து மையைத் திரித்து அடியில் வண்டலாக்கிவிடும். மழைத்தண்ணீர் நல்லது, இல்லாவிட்டால் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர். ஊறல் மேலே லேசாகப் பூஞ்சை படர்ந்தால் பயப்பட வேண்டாம், எடுத்துப் போட்டுவிட்டு வடிகட்டலாம். கொஞ்சம் புளித்த ஊறலில் மை கறுப்பாகவே வரும்.

கடையில் ஏமாறுவது அடுத்த இரண்டில்தான். அன்னபேதி என்று கேட்டால் சிலர் செந்தூரம் எடுத்துத் தருவார்கள். அது சிவப்புப் பொடி, தண்ணீரில் கரையாது. வேண்டியது சுத்தி செய்யாத இளம்பச்சைக் கட்டி. மேலே மஞ்சள் பூத்திருந்தால் காற்றுப் பட்டுப் பழசாகிவிட்டது என்று பொருள், அந்தப் பகுதியைச் சுரண்டி எறியுங்கள். நீலமாக இருந்தால் அது மயில்துத்தம். விஷம் என்பது ஒருபுறமிருக்க, அதிலுள்ள செம்பு எழுதிய தாளைச் சீக்கிரம் அரித்துவிடும். பிசினில், பாதாம்பிசின் உதவவே உதவாது. ஊதிப் பெருகுமே தவிரக் கரையாது. அதை ஜிகர்தண்டாவுக்கு விட்டுவிடுங்கள்.

வடித்த சாற்றில் அன்னபேதியைக் கரைத்து, வெந்நீரில் தனியாகக் கரைத்த பிசினைக் கடைசியில் சேர்க்க வேண்டும். பிசின் குறைந்தால் எழுத்து ஓரங்களில் ஊறிப் பரவும். கூடினால் காய்ந்தபின் பொரிந்து உதிரும். எழுதும்போது மங்கலாகத்தான் தெரியும். காற்றுப் படப்பட இரும்பு மாறி, ஓரிரு நாளில் கருகருவென்று ஆகும். கடுக்காய் ஏற்றிய துணி இரும்புக் கரைசல் பட்டதும் கறுப்பதும் இதே வேதியியல்தான். குப்பியை இறுக மூடி வைக்காவிட்டால் எழுத்தில் நடக்க வேண்டியது குப்பிக்குள்ளேயே நடந்து வண்டல் படியும். நல்ல பவுண்டன் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள்.

எழுதுகோலுக்கு வைகைக் கரை நாணல் போதும். ஸ்பெயினிலும் கிழக்கு நாடுகளிலும் இருந்த யூத எழுத்தர்கள் நாணலால் எழுதினார்கள். ஜெர்மனி, பிரான்சு எழுத்தர்கள் இறகால். பேழைக்கு வெளியே நின்றே இதைக் கண்டுபிடிக்கலாம். நாணல் எழுத்தில் கிடைக்கோடும் நெடுக்கோடும் ஏறக்குறைய ஒரே தடிமன். இறகு எழுத்தில் கிடைக்கோடு தடித்தும் நெடுக்கோடு மெலிந்தும் இருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: எபிரேய எழுத்து கோட்டின்மேல் உட்காராது, மேல்கோட்டிலிருந்து தொங்கும். பல தோல்தாள் சுவடிகளில் அந்தக் கோட்டை மையால் போடாமல் கூர்முனையால் கீறியிருப்பார்கள், சாய்வாகப் பார்த்தால் தெரியும்.

எந்த மை தகும் என்பதில் யூத அறிஞர்களுக்குள்ளேயே சண்டை. அன்னபேதி மை கழுவினாலும் போகாது. ஆனால் கற்பில் ஐயம் எழுந்த பெண்ணுக்கு எழுதும் சாபத்தைத் தண்ணீரில் கழுவிக் கரைக்க வேண்டும் என்பது யூத வேதமான தோராவின் விதி. அதனால் யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதிலேயே இந்தச் சரக்கைப் பற்றி வாதம் நடக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பிரான்சில் ரப்பேனு தாம் என்ற யூதச் சட்ட அறிஞர் மாசிக்காய் மையை ஏற்கவில்லை. முள்மரத்திலிருந்து எடுத்த மைதான் சரி என்றார். எகிப்தில் மைமோனிதேசு என்ற அறிஞர் சொன்ன முறை நமக்கு நெருக்கமானது: எண்ணெய்ப் புகைக்கரியைப் பிசினும் கொஞ்சம் தேனும் விட்டுப் பிசைந்து வில்லையாகத் தட்டிக் காயவைத்து, எழுதும்போது மாசிக்காய்த் தண்ணீரில் கரைத்துக்கொள்வது. எழுத்தாணி கீறிய ஓலையில் விளக்குக்கரி தடவியவர்களுக்கு அதன் குணம் தெரியும். கரி மங்காது, அரிக்காது.

அன்னபேதி மை அப்படியில்லை. மாசிக்காய்ச் சாறு பிடித்துக்கொள்ளாத மிச்ச இரும்பும் கூடவே உருவாகும் கந்தக அமிலமும் எழுத்தைப் பழுப்பாக்கி, தாளைத் துளைத்துவிடும். தோல்தாளைச் சுண்ணாம்பில் ஊறவைத்துச் செய்வதால் அந்த மிச்சச் சுண்ணாம்பு அமிலத்தைக் கொஞ்சம் தாங்கும். ஆனால் மை தோலுக்குள் முழுக்க இறங்காமல் மேலாகவே உட்காருவதால், தோல் சுருங்கி விரியும்போது செதில் செதிலாக உதிரும். ஆகவேதான் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் கூடாது, ஈரப்பதம் பாதிக்குப் பாதி என்ற அளவில் ஆடாமல் நிற்க வேண்டும் என்கிற கெடுபிடி. ஈரம் மிஞ்சினால் பூஞ்சை. எபிரேய வேதத்தின் 10ஆம் நூற்றாண்டுப் பிரதியான அலெப்போ சுவடியின் ஓரக்கறைகளைத் தீக்காயம் என்று நெடுநாள் நம்பினார்கள். சோதித்தபோது பூஞ்சை என்று தெரிந்தது.

வீட்டு அலமாரியில் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம் பழுப்பு எழுத்தோடு இருந்தால் அதுவும் பெரும்பாலும் இதே மைதான். லேமினேட் செய்யாதீர்கள், ஈரத்துணியால் துடைக்காதீர்கள். ஈரத்தோடு இரும்பு பரவி எழுத்தைச் சுற்றி வளையம் கட்டும். அமிலமில்லாத உறையில் போட்டு, சுவரோரம் ஒட்டாமல் வையுங்கள்.

இடைக்கால யூதச் சுவடிகளைப் பார்க்க விமானம் ஏற வேண்டியதில்லை. கெய்ரோவின் பழைய யூதத் தொழுகைக் கூடத்தில், பழைய எழுத்துகளைப் போட்டுவைக்கும் கெனிசா என்ற அறையில் கிடைத்த துண்டுகளில் பெரும்பகுதி, ஏறக்குறைய 1,93,000, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. படங்கள் இணையத்தில் இலவசம். பெரிதாக்கிப் பார்க்கும்போது நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். புதுக்கருக்குக் கலையாத அன்னபேதி மையும் கரிமை போலவே தெரியும். ஆய்வகத்தில் அகச்சிவப்பு ஒளியில் படமெடுக்கிறார்கள்: 1000 நானோமீட்டருக்கு அப்பாலும் கரி கறுப்பாகவே நிற்கும், அன்னபேதி மை வெளிறும், இரும்பில்லாத மரப்பட்டை மை 750 தாண்டுவதற்குள்ளேயே மறைந்துவிடும்.