மார்கழியில் மட்டும் மக்கர் பண்ணிய ஆக்சிலேட்டர்

மார்கழி பிறந்துவிட்டால் அம்மாவுக்கு விடிவதற்குள் பாடலீஸ்வரர் கோயிலில் இருந்தாக வேண்டும். கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூருக்கு டிரைவர் நான்தான். வண்டி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற கார்புரேட்டர் காலத்துக் கிழம்.

மூன்றாம் நாள், எதிரே பால் கேனோடு ஒரு சைக்கிள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வண்டி வேகம் குறைவதாக இல்லை, எஞ்சின் அலறுகிறது. "ஏன்டா இப்படிக் கத்துது?" என்கிறார் அம்மா. கிளட்ச்சை மிதித்து, நியூட்ரலுக்குத் தள்ளி, பிரேக் பிடித்து ஓரம் கட்டிய பிறகுதான் சாவியை அணைத்தேன். ஓடும்போதே சாவியை உருவியிருந்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொண்டிருக்கும். பெடலுக்கு அடியில் கால்விரலை விட்டு நெம்பினேன், மேலே வந்தது.

பத்து மணிக்கு மெக்கானிக்கிடம் போனால் பெடல் வெண்ணெய் மாதிரி இறங்கி ஏறுகிறது. மறுநாள் விடிகாலை மறுபடி ஒட்டல், பத்து மணிக்கு மறுபடி வெண்ணெய். "உங்க காலுதான் சார் கனம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, ஒட்டுகிற நேரத்திலேயே பார்த்துவிடுவோம் என்று அடுத்த நாள் ஐந்து மணிக்கு டார்ச்சோடு பானட்டைத் திறந்தேன். கால்மிதியை முதலில் எடுத்துப் போட்டாயிற்று, அது இல்லை. எஞ்சினை அணைத்தபடியே பையனைப் பெடலை மிதித்து விடச் சொன்னேன். கார்புரேட்டர் பக்கத்து லீவர் நத்தை மாதிரி திரும்பியது. பெடலிலிருந்து அந்த லீவருக்கு வரும் கேபிளின் நுனியைக் கழற்றிவிட்டு லீவரைக் கையால் திருப்பினேன். விட்டதும் டக்கென்று ஸ்பிரிங் இழுத்துக்கொண்டது. அப்போ ஸ்பிரிங்கும் நல்லது, உள்ளே காற்று வழியைத் திறந்து மூடும் பட்டர்ஃபிளை வால்வும் நல்லது. கோளாறு கேபிளில்.

ஏன் விடிகாலையில் மட்டும்? கை கழுவ பாத்ரூமுக்குப் போனபோது பதில் மாடத்தில் உட்கார்ந்திருந்தது: வெள்ளையாக உறைந்து, கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாத தேங்காய் எண்ணெய் பாட்டில்.

ஐப்பசி மழையில் பெடல் கீச் கீச்சென்றது. கேபிள் உறைக்குள் எண்ணெய் விட்ட மேதாவி நானேதான், கைக்கு அகப்பட்டது அந்த பாட்டில். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே இறுக ஆரம்பிக்கும். கடலூர் மார்கழி விடியலுக்கு அந்தக் குளிர் தாராளம். வெயில் ஏறினால் தானே உருகிவிடும், மெக்கானிக் முன்னால் என் மானமும் போய்விடும்.

கேபிளை உருவிப் பார்த்தால் எண்ணெய், புழுதி, உப்புக்காற்றுத் துரு எல்லாம் சேர்ந்து பழுப்புக் களிம்பு. ஒரு முனையில் இரண்டு இழைகள் அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. கழுவிப் போடுகிற கட்டம் தாண்டிவிட்டது, புதுசுதான். மெக்கானிக் துளி தொய்வு விட்டு மாட்டி, "இதுல எதையும் ஊத்திடாதீங்க சார்" என்றார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அம்மா கேட்ட ஒரே கேள்வி: "அதான் என் எண்ணெய் பாதியாச்சா?"