அத்தை தூங்காத ராத்திரி

பாரிஸில் இருக்கும் அத்தை மகன், நண்பர்களோடு சேர்ந்து வாராவாரம் சமோசா விற்று, தெரிந்தவர்களிடமெல்லாம் கையேந்தி, பழைய ஆம்புலன்ஸ் ஒன்று வாங்கிவிட்டான். அவனே ஓட்டிக்கொண்டு ஜெர்மனி, போலந்து வழியாக உக்ரைனின் லிவிவ் நகருக்குப் போகிறான். 1,800 கிலோமீட்டருக்கு மேல். உள்ளே ஸ்ட்ரெச்சர், ஆக்சிஜன் சிலிண்டர், ரத்தப்போக்கை நிறுத்தக் கட்டும் பட்டைகள் பெட்டி பெட்டியாக. வண்டியை அங்கேயே கொடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்புவானாம்.

“சிலுவை போட்ட வண்டிய அடிக்க மாட்டாங்கல்ல?” என்று புதுச்சேரி குருசுக்குப்பத்திலிருந்து ராத்திரி அத்தை போன். 1949 ஜெனீவா உடன்படிக்கை அப்படித்தான் சொல்கிறது என்றேன். அடித்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லவில்லை.

முதல் உலகப் போரில் பிரான்ஸுக்காகச் செத்தவர்களுக்குக் கடற்கரைச் சாலையில் நினைவுச்சின்னம் வைத்திருக்கிற ஊர் இது. அத்தை தினமும் வாக்கிங் போவது அந்த வழியாகத்தான். இன்றைக்குப் போகவில்லை.

எல்லையில் வரிசையில் நிற்பதாக இப்போதுதான் வாட்ஸ்அப் வந்தது.