அம்மாவின் கணுக்கால் அளவு

என் தையல்கடை அளவு நோட்டில் நடுவே பதினான்கு பக்கங்களுக்கு எந்த வாடிக்கையாளரின் அளவும் இருக்காது. அம்மாவின் கணுக்கால் சுற்றளவு இருக்கும். வலது, இடது, பக்கத்தில் எடை. ரவிக்கைக்கு அளவெடுக்கிற அதே இன்ச் டேப்பால், தினமும் காலை ஆறரை மணிக்கு, காபிக்கு முன்னால் எடுத்தது. ஒரு நாள் "9¼, 9½, 47.6 கிலோ" என்று எழுதியிருக்கிறேன். நான்கு நாள் கழித்து "10, 10¼, 49". இடையில் அத்தை வீட்டு வளைகாப்பு. அம்மா அங்கே அப்பளமும் ஊறுகாயும் சாப்பிட்டிருக்கிறார். கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ ஏறியது சதை இல்லை, தண்ணீர். அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்தேன், நீர் மாத்திரையை மூன்று நாளைக்குக் கூட்டிக் கொடுக்கச் சொன்னார்கள், கால் வடிந்தது.

அம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்திருந்தது. டயாலிசிஸ், அதாவது இயந்திரம் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்வது, நாங்கள் செய்யவில்லை. இதை எழுதக் காரணம், அம்மா போன பிறகும் சொந்தக்காரர்கள் சிலர் "டயாலிசிஸ் பண்ணாம அப்படியே விட்டுட்டாங்க" என்று சொல்கிறார்கள். அப்படியே விடவில்லை. என்ன செய்தோம் என்பது அந்தப் பதினான்கு பக்கத்தில் இருக்கிறது.

அம்மாவுக்கு அப்போது 81 வயது. முப்பது வருடச் சர்க்கரை, ஒரு முறை மாரடைப்பு, மூட்டு தேய்ந்து வாக்கர் பிடித்து நடை. மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய டைக்ளோபெனாக் மாத்திரையை வருடக்கணக்கில் போட்டிருக்கிறார். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆடி மாதம் வாந்தி வந்து கடலூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 4.8. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று போடும் ஈ.ஜி.எஃப்.ஆர். கணக்கு 9. பதினைந்துக்குக் கீழே போனால் கடைசிக் கட்டம்.

அங்கே இருந்த மருத்துவர், "கழுத்துல குழாய் போட்டு நாளைக்கே டயாலிசிஸ் ஆரம்பிக்கணும். இல்லன்னா கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார். அந்த இரண்டாவது வாக்கியம் இன்னும் என் காதில் இருக்கிறது. டயாலிசிஸ், இல்லாவிட்டால் ஒன்றுமே கிடையாது. அப்படித்தான் நாங்கள் புரிந்துகொண்டோம். வாந்தி நின்றதும் டிஸ்சார்ஜ் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அண்ணன் சென்னையிலிருந்து வந்தான். அடுத்த வாரம் அம்மாவைக் காரில் புதுச்சேரிக்கு அழைத்துப் போனோம். கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம், முக்கால் மணி நேரப் பாதை. அந்த முக்கால் மணி நேரத்திலேயே அம்மா இரண்டு முறை வண்டியை நிறுத்தச் சொன்னார். அங்கே பார்த்த கிட்னி டாக்டர் முதலில் ரிப்போர்ட்டைப் பிரிக்கவில்லை. நாற்காலியை அம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஒரு நாள் எப்படிப் போகுதும்மா உங்களுக்கு?" என்று கேட்டார்.

அம்மா சொன்னார்: காலையில் திண்ணையில் உட்காருவேன். கீரைக்காரி, மீன்காரி எல்லாரும் பேசிட்டுப் போவாங்க. மத்தியானம் தூக்கம். சாயந்திரம் பேரப்பிள்ளை வரும். அப்புறம், யாரும் கேட்காமலே, "எனக்கு இந்த வெளியூர் அலைச்சல் ஆகாது சாமி" என்றார்.

டாக்டர் இரண்டு வழியையும் விளக்கினார். டயாலிசிஸ் என்றால் வழக்கமாக வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம், போய்வரும் நேரம் தனி. முடிந்த அன்று பலருக்கு உடம்பு அடித்துப்போட்டது போல இருக்கும். அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்துகொண்டு டயாலிசிஸ் தொடங்கிய 3,702 பேரைப் பற்றி 2009இல் வந்த ஓர் ஆய்வைச் சொன்னார். ஒரு வருடத்துக்குள் 58 சதவீதம் பேர் இறந்துவிட்டார்கள். முன்பு செய்துகொண்டிருந்த அன்றாட வேலைகளை அதே அளவுக்குச் செய்ய முடிந்தவர்கள் 13 சதவீதம்தான். "அவங்க ஏற்கனவே ரொம்பத் தளர்ந்தவங்க. அம்மாவுக்கு அப்படியே பொருத்திடாதீங்க" என்றும் சேர்த்துச் சொன்னார். ஆனால் எண்பதைத் தொட்டு, இதயமும் பழுதாகி, நடையும் குறைந்தவர்களுக்கு டயாலிசிஸ் கூட்டித் தரும் ஆயுள் நாம் நினைக்கிற அளவு இருப்பதில்லை. கூடும் நாட்களிலும் நிறைய மருத்துவமனையிலேயே போய்விடும் என்றார்.

இன்னொரு வழி, டயாலிசிஸ் இல்லாமல் மற்ற எல்லாவற்றையும் செய்வது. வீக்கம், அரிப்பு, குமட்டல், ரத்தசோகை, மூச்சு, தூக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் மருந்து உண்டு. நடுவில் அம்மா மனம் மாறினால் டயாலிசிஸுக்குக் கதவு திறந்தே இருக்கும். அண்ணன்தான் கடைசிவரை ஒப்பவில்லை. "காசுக்குப் பார்க்கிறியா பாப்பா?" என்று வாசலிலேயே கேட்டான். காசு காரணம் இல்லை, காப்பீட்டில் டயாலிசிஸ் இலவசமாகவே செய்துகொள்ளலாம் என்று அவனுக்கும் தெரியும். பயத்தில் கேட்டான். அம்மாதான், "டேய், படுக்கப் போறது நானு" என்று சொல்லி, டயாலிசிஸ் வேண்டாமென்று முடித்தார்.

எங்கள் தெருவிலேயே 78 வயது தாத்தா ஒருவர் டயாலிசிஸ் போய்க்கொண்டிருக்கிறார். மறுநாள் காலையில் பாடலீஸ்வரர் கோயில் பிரகாரத்தைச் சுற்றுகிறார். அவருக்கு அது சரி. நான் டயாலிசிஸ் கூடாது என்று சொல்லவில்லை.

முதல் பாடம் சர்க்கரையில். இரண்டாவது மாதம் அம்மாவின் சர்க்கரை தானாக இறங்கியது. சித்தி கொடுத்த ஆவாரம்பூ கஷாயம் வேலை செய்கிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு விடியற்காலை அம்மா வேர்த்து நனைந்து, பேச்சு குழறி, என்னையே யார் என்று கேட்டார். சர்க்கரை 48. நாக்கில் சர்க்கரைக் கரைசல் தடவித் தடவி மீட்டோம். டாக்டர் சொன்ன பிறகுதான் புரிந்தது: இன்சுலினை உடம்பிலிருந்து அகற்றும் வேலையில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு. சிறுநீரகம் படுத்தால் போட்ட ஊசி உடம்பிலேயே தங்கி வேலை செய்துகொண்டிருக்கும். கிட்னி கெட்டவருக்குச் சர்க்கரை தானாகக் குறைந்தால் அது நல்ல செய்தி இல்லை. இன்சுலினைப் பாதிக்கும் கீழே குறைத்தார்கள். கஷாயத்தை நிறுத்தினோம்.

இரண்டாவது, பார்க்க வருகிறவர்கள். நம் ஊரில் நோயாளியைப் பார்க்க வந்தால் இளநீர். கிட்னி என்று கேள்விப்பட்டால் கூடவே வாழைத்தண்டுச் சாறு. இரண்டிலும் பொட்டாசியம். வேலை செய்யாத சிறுநீரகம் அதை வெளியே தள்ளாது, ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தவறும். "ரெண்டு மடக்கு குடிச்சா என்ன?" என்று முகம் சுளித்தவர்களிடம் சண்டை போட்டிருக்கிறேன். அண்ணன் பாசத்தோடு 'சோடியம் குறைந்த உப்பு' பாக்கெட் வாங்கி வந்தான். பின்னால் திருப்பிப் பார்த்தால் பொட்டாசியம் குளோரைடு. காய்கறியிலிருக்கும் பொட்டாசியம் குறைய, அதை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துக் கொட்டிவிட்டுத்தான் தாளிப்பேன். கருவாடு இல்லாமல் அம்மாவுக்குச் சோறு இறங்காது, அதைத்தான் மறக்க முடியாமல் தவித்தார்.

அரிப்பைப் பற்றி நான் எவ்வளவு எழுதினாலும் போதாது. வெளியே ஒரு தடிப்பும் இருக்காது. ராத்திரி இரண்டு மணிக்குச் சீப்பை வைத்து முதுகைக் கீறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ரத்தம் வந்துவிடும். சோப்பை நிறுத்தி, குளித்த ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் தடவி, என் பழைய மெல்லிய பருத்திப் புடவைகளைப் பிரித்து நைட்டி தைத்துப் போட்டேன். அதோடு இரவில் கபாபென்டின் 100 மில்லிகிராம் ஒன்று. அந்த மருந்தும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும், அதனால்தான் அவ்வளவு சின்ன அளவு; மற்றவர்களுக்குக் கொடுக்கும் அளவு கொடுத்தால் தள்ளாடி விழுந்துவிடுவார் என்றார் டாக்டர். பத்து நாளில் அம்மா விடியும்வரை தூங்கினார். மருத்துவத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை வந்தது அந்தப் பத்தாவது நாள்தான்.

ரத்தம் ஊற ஊசி, ரத்தத்தில் சேரும் அமிலத்துக்குச் சோடா மாத்திரை, குமட்டலுக்கு ஒன்று என்று மற்றவை ஓடின. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கியபோது அதை வெறும் பிரஷர் மாத்திரை திட்டம் என்று நினைத்திருந்தேன். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து செய்யும் வலி தணிப்புப் பராமரிப்பும் அதில் உண்டு. அப்படி வந்த நர்ஸ் அக்காதான் அம்மாவைத் தலையணை அடுக்கிச் சாய்த்து, முகத்துக்கு நேராக டேபிள் ஃபேனை வைத்துக் காட்டினார். மூச்சு வாங்கும்போது முகத்தில் படும் காற்றே பாதி ஆறுதல்.

மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் போனோம். ஆட்டோவை விட்டு இறங்காமலே சாமிகள் கடலுக்கு வருவதைப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ பாத்திரத்தில் கொண்டுவந்த கடல் தண்ணீரைத் தலையில் தெளித்துவிட்டேன்.

ஆனியில் பண்ருட்டிப் பலாப்பழம் தெருவில் வந்தது. வாசனை திண்ணைக்கு வந்துவிட்டது. அம்மா கேட்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். பலாவில் பொட்டாசியம் அதிகம் என்று எனக்கு மனப்பாடம். டாக்டருக்குப் போன் செய்தேன். முந்தின வாரப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "ரெண்டு சுளை குடுங்க. அன்னைக்கு வேற பழம், கிழங்கு வேண்டாம். சாப்பிடறதுல சந்தோஷமும் நம்ம வைத்தியத்துல ஒண்ணும்மா" என்றார். அம்மா அந்த இரண்டு சுளையை ஒரு மணி நேரம் சாப்பிட்டார். கொட்டையைக்கூடக் கீழே போடாமல் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

ஐப்பசி மழையில் தூக்கம் அதிகமானது. கடைசி நாட்களில் இப்படித்தான் உறக்கம் கூடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், அதனால் பயந்து எங்கும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. மூச்சுத்திணறல் மிஞ்சினால் மார்ஃபின் வேண்டாம், சிறுநீரகம் போனவர்களுக்கு அது உடம்பில் சேர்ந்து மயக்கமும் உதறலும் தரும், ஃபென்டனில் போல வேறு மருந்து பார்க்கலாம் என்றும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதற்குத் தேவை வரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், அண்ணன் கால் பிடித்துக்கொண்டிருந்தபோது போய்விட்டார். அன்று காலை எடுத்த அளவு 8¾, 8¾. எடை பார்க்கவில்லை.

போன வாரம் கடைக்கு ஒரு பெண் வந்தார். மாமனாருக்கு வயது 84, கிரியாட்டினின் 5, வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. அவருடைய அளவை எழுதிய பக்கத்தின் பின்னால், டாக்டரிடம் கேட்க வேண்டியதை எழுதிக் கிழித்துக் கொடுத்தேன். டயாலிசிஸ் செய்தால் அவரால் இப்போது முடிகிற எது மிஞ்சும்? கொஞ்ச நாள் செய்து பார்த்துவிட்டு, வேண்டாமென்றால் நிறுத்த முடியுமா? செய்யாவிட்டால் அரிப்புக்கும் வீக்கத்துக்கும் மருந்து யார் தருவார்? இன்சுலினைக் குறைக்க வேண்டுமா? ராத்திரி மூச்சு வாங்கினால் எந்த நம்பருக்குப் போன் செய்வது? மேலே, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று சேர்த்தேன்: மாமாவையே கேட்டீர்களா?