128 கடல் மைல்: வாடகை விமானத்தில் சீனக்குடா வரை

திருகோணமலையில் படகு எஞ்சின் திருத்தும் சிறு கடையொன்றை நடத்திவரும் நான், தனியார் விமானி அனுமதிப்பத்திரம் பெற்று ஒன்றரை ஆண்டுகள் கழிந்த பின், கடந்த மார்ச் மாதத்தில்தான் முதன்முறையாக ஒரு விமானத்தை வாடகைக்கு எடுத்து, அப்பாவையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து திருகோணமலையை அடுத்த சீனக்குடாவுக்குப் பறந்தேன். விமானம் ஓட்டப் பழகுவது பற்றிச் சொல்லித்தரப் பலர் இருக்கிறார்கள். பழகி முடித்த ஒருவர், பொழுதுபோக்காகப் பறப்பதற்கு ஒரு விமானத்தைக் கேட்டு வாங்கி, பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கும் வரை என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத் தமிழில் நான் எங்கும் வாசித்ததில்லை என்பதால், என் அனுபவத்தை எழுதிவைக்கிறேன்.

அனுமதிப்பத்திரம் பெற்ற கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 17 வயது நிறைந்திருக்க வேண்டும். இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். எழுத்துப் பரீட்சைகள் உண்டு. சர்வதேச விதிப்படி குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அதில் 10 மணி நேரம் தனியாக. தனியாகப் பறக்கும் பயணங்களுள் ஒன்று 270 கிலோமீற்றருக்குக் குறையாமல், வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி ஏறுவதாக இருக்க வேண்டும். 2022இல் ரூபாயின் மதிப்பு சரிந்து எரிபொருளும் இல்லாமற்போனபோது என் பயிற்சி பாதியில் நின்றது. கடையில் சேர்ந்த பணத்தைக் கொண்டு, மாதத்துக்கு இரண்டு மணி நேரம், சில மாதங்களில் ஒரு மணி நேரம் என்று இரவு ரயிலில் கொழும்புக்குப் போய்வந்துதான் அதை முடித்தேன்.

வாடகைக்கு விமானம் தருபவர்கள் அனுமதிப்பத்திரத்தைப் பார்த்தவுடன் சாவியைத் தந்துவிடுவதில்லை. தங்கள் விமானத்தில், தங்கள் பயிற்றுநரோடு, ஒரு சரிபார்ப்புப் பறப்பை முடிக்கச் சொல்வார்கள். நான் பழகியது செஸ்னா 152. இரண்டே இருக்கைகள், 110 குதிரைவலு. பெற்றோர் இருவரையும் ஏற்ற வேண்டுமென்றால் நான்கு இருக்கைகள் கொண்ட, 160 குதிரைவலு செஸ்னா 172 வேண்டும். இரண்டும் ஒரே குடும்பத்து விமானங்கள்தான் என்றாலும், 172இன் மூக்கு கனமானது. தரையைத் தொடும் வேளையில் கைப்பிடியை இன்னும் பலமாக, இன்னும் பொறுமையாக இழுக்க வேண்டியிருக்கும்.

முதல் சரிபார்ப்பில் நான் தேறவில்லை. இறக்கைகள் தூக்குவிசையை இழக்கும் நிலைக்கு விமானத்தைக் கொண்டுபோய் மீட்பது, 45 பாகை சரிவில் திரும்புவது, எஞ்சின் நின்றுவிட்டதாகக் கொண்டு வயலொன்றைத் தெரிவுசெய்து இறங்கிக் காட்டுவது ஆகிய எல்லாம் சரியாகவே வந்தன. தரையிறக்கத்தில்தான் பிழை செய்தேன். 65 நொட்டில், அதாவது மணிக்கு 65 கடல் மைல் வேகத்தில், வர வேண்டிய விமானத்தை 75 நொட்டில் கொண்டுவந்தேன். அது ஓடுபாதைக்கு மேலே மிதந்துகொண்டே போய், மூன்றில் ஒரு பங்கு கடந்த பிறகுதான் தரையைத் தொட்டது. இரத்மலானை ஓடுபாதை சுமார் 1,800 மீற்றர் நீளமானது என்பதால் ஆபத்து எதுவும் நேரவில்லை. பயிற்றுநர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “மிதக்கத் தொடங்கியதுமே மறுபடி மேலே எழும்பியிருக்க வேண்டும், ஏன் எழும்பவில்லை?” என்று மட்டும் கேட்டார். எழும்பினால் இன்னொரு சுற்றுக்குப் பணம் கட்ட வேண்டுமே என்ற எண்ணம் எனக்குள் ஓடியதை அவரிடம் ஒளிக்காமல் சொன்னேன். பணக் கணக்கு விமானி இருக்கைக்குள் வரக்கூடாது என்பதை நான் கற்றுக்கொண்டது அந்த இடத்தில்தான். அடுத்த மாதம் மேலும் ஒன்றரை மணி நேரம் பறந்து, அவர் கையொப்பத்தைப் பெற்றேன்.

வாடகை ஒப்பந்தத்தை வரி வரியாக வாசியுங்கள். கட்டணம் எரிபொருளோடு சேர்ந்ததா, தனியானதா என்று முதலில் பார்க்க வேண்டும். நேரத்தைக் கணக்கிடுவது பெரும்பாலும் எஞ்சின் ஓடும் நேரத்தைக் காட்டும் ஹொப்ஸ் மீற்றர்தான், ஆகவே தரையில் காத்திருக்கும் நிமிடங்களுக்கும் காசு உண்டு. விமானத்துக்குச் சேதம் வந்தால் காப்புறுதி தருவதற்கு முன் முதலில் எவ்வளவு தொகையை நாம் தாங்க வேண்டும் என்பதை நான் கேட்டு எழுதி வாங்கினேன். வெளியூரில் இரவு தங்கினால் நாளொன்றுக்குக் குறைந்தபட்ச மணிக்கட்டணம் வரும் என்பதால், அன்றே திரும்பிவிடத் தீர்மானித்தேன். ஆட்களை ஏற்றுவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் மூன்று முறை எழும்பி இறங்கியிருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. தனியார் விமானி கூலிக்கு ஆட்களை ஏற்றக்கூடாது. இதை என் சொந்தக்காரர்களுக்கே பலமுறை விளக்க வேண்டியிருந்தது.

சீனக்குடா விமான நிலையம் விமானப்படையின் கட்டுப்பாட்டில் இருப்பது. முன் அனுமதி இல்லாமல் அங்கே இறங்க முடியாது. ஏறுபவர்களின் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், வந்துபோகும் நேரம் எல்லாவற்றையும் முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். பெப்ரவரியில் நான் நாள் குறித்து, அப்பாவும் அம்மாவும் இரவு முழுக்க ரயிலில் இருந்து வந்து சேர்ந்த காலையில், அனுமதி இன்னும் கைக்கு வரவில்லை என்று தெரிந்தது. கடிதம் இடையில் ஓர் அலுவலகத்தில் தங்கிவிட்டிருந்தது. எழுபது வயதைக் கடந்த இருவரையும் அன்றைய பகல் பேருந்திலேயே திருப்பி அனுப்பினேன். அது எனக்கு இன்றுவரை மனவருத்தம். எழுத்தில் அனுமதி கைக்கு வருவதற்கு முன் யாரையும் பயணப்படுத்தாதீர்கள். பறப்புத் திட்டத்தில் நேரத்தை உலகப் பொது நேரத்தில்தான் எழுத வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம், காலை 7.10 என்பது அங்கே 01.40.

எடைக் கணக்கைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். நான்கு இருக்கைகள் இருப்பதால் நான்கு பேர் போகலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தம்பியும் வருவதாக இருந்தான். அந்த விமானம் எழும்பும்போது மொத்தமாக 1,043 கிலோவுக்கு மேல் இருக்கக்கூடாது. அதன் பத்திரத்தில் வெற்று எடை 668 கிலோ என்று இருந்தது. மீதி 375 கிலோவுக்குள்தான் ஆட்களும் பொதிகளும் எரிபொருளும் அடங்க வேண்டும். என் எடை 82, அப்பா 64, அம்மா 71, தம்பி 90, சேர்த்தால் 307. தாங்கிகளை நிரப்பினால் பயன்படுத்தக்கூடிய எரிபொருள் 151 லீற்றர், எடையில் ஏறத்தாழ 109 கிலோ. மொத்தம் 416. எரிபொருளைக் குறைக்கலாமா என்று பார்த்தேன். சீனக்குடாவில் எரிபொருள் நிரப்ப ஏற்பாடு செய்யவில்லை என்பதால் திரும்பிவருவதற்கும் சேர்த்து ஏற்ற வேண்டும்: போக வர 85 லீற்றர், தரையில் ஓடவும் மேலே ஏறவும் 10, கட்டாய இருப்பாக அரை மணி நேரத்துக்கு 16, என் மன அமைதிக்காக இன்னும் ஒரு மணி நேரத்துக்கு 32. 143 லீற்றர், அதாவது ஏறக்குறைய முழுத் தாங்கி. ஆகவே தம்பி ரயிலில் வந்தான். அவனுக்கு மனத்தாங்கல்தான். படகென்றால் பாரம் கூடும்போது விளிம்பு நீரை நெருங்குவது கண்ணுக்குத் தெரியும். விமானம் ஓடுபாதையின் முடிவு வரும்வரை எதையும் காட்டிக்கொள்ளாது.

பறந்த நாள் காலையில் இரண்டு இறக்கைத் தாங்கிகளின் அடியிலிருந்தும் எரிபொருளைச் சிறு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்தேன். விமானப் பெற்றோல் வெளிர் நீலமாக இருக்கும். இடப்பக்கக் குவளையின் அடியில், மிளகளவில், நிறமற்ற ஒரு துளி நீர் உருண்டு நின்றது. சாய்த்தால் பாதரசம்போல் நகர்ந்தது. இரவுக் குளிரில் தாங்கிக்குள் வேர்த்த நீர். மறுபடி மறுபடி வடித்து, மூன்று குவளைகள் தொடர்ந்து சுத்தமாக வந்த பிறகே மூடினேன். என் கடைக்கு வரும் எஞ்சின்களில் பல, இந்த ஒரு துளியைக் கவனிக்காததால் நடுக்கடலில் நின்றுபோனவை.

வாடைக் காற்று ஓய்ந்துவரும் காலம் அது. காலையில் வானம் தெளிவாக இருந்தது. இரத்மலானையிலிருந்து சீனக்குடாவுக்கு நேர்கோட்டில் சுமார் 128 கடல் மைல். அந்தக் கோடு குருநாகல், தம்புள்ளை, சிகிரியா, கந்தளாய் என்று ஊர்களைக் கோத்துக்கொண்டு போவதால், வரைபடத்தில் வழி குறிப்பது எளிது. எதிர்க்காற்று 10 நொட் என்பதால் ஒரு மணி 20 நிமிடங்கள் எடுக்கும் என்று கணக்கிட்டு, 5,500 அடியில் போனோம். வலப்பக்கம் நக்கிள்ஸ் மலைத்தொடர் நீலமாகத் தெரிந்தது.

தம்புள்ளையை நெருங்கும்போது எஞ்சினின் சுழற்சி நான் கை வைக்காமலே மெல்லக் குறைந்தது. நிமிடத்துக்கு 2,400 சுற்றில் இருந்த முள் 2,300க்கு வந்திருந்ததை நான் கவனித்த அதே நேரத்தில், முப்பது வருடம் துறைமுகத்தில் இயந்திரப் படகு ஓட்டிய அப்பா, பக்கத்து இருக்கையில் இருந்தபடி முழங்காலில் கையை வைத்து அதிர்வைப் பார்த்துவிட்டு, “மகன், எஞ்சின் இளைக்குது” என்றார். எரிபொருளையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேட்டரில் பனி கட்டுவதன் அடையாளம் அது. காற்று ஈரமாக இருக்குமானால், வெளியே 20 பாகை வெப்பம் இருக்கும்போதுகூட, எரிபொருள் ஆவியாவதாலும் குழாய் ஒடுங்கும் இடத்தில் அழுத்தம் குறைவதாலும் காபரேட்டருக்குள் வெப்பம் உறைநிலைக்குக் கீழே இறங்கிவிடும். சூடான காற்றை உள்ளே விடும் கைப்பிடியை முழுவதுமாக இழுத்தேன். எஞ்சின் இருமியது, சுழற்சி இன்னும் குறைந்தது. உருகிய நீர் உள்ளே போகும்போது அப்படித்தான் இருக்கும், அந்த நேரத்தில் பயந்து கைப்பிடியைத் திரும்பத் தள்ளிவிடக்கூடாது. அரை நிமிடத்துக்குள் சத்தம் சீரானது. கைப்பிடியைத் தள்ளியபோது முள் 2,400க்கு வந்து நின்றது. இதற்கிடையில், எதற்கும் இருக்கட்டும் என்று, இறங்கக்கூடிய ஒரு வயல்வெளியைத் தெரிந்து வைத்திருந்தேன்; அந்த உயரத்திலிருந்து எஞ்சின் இல்லாமலும் ஏழெட்டுக் கடல் மைல் மிதந்து போகலாம். அம்மா பின்னால் சிகிரியாக் குன்றைத் தேடிக்கொண்டிருந்தார்.

கந்தளாய்க் குளம் இடப்பக்கமாக வந்தது. 1986 ஏப்ரலில் அந்த அணை உடைந்த இரவை அறிந்தவர் அப்பா. அணைக்கட்டு கண்ணிலிருந்து மறையும் வரை அவர் பேசவில்லை.

காற்று வடகிழக்கிலிருந்து வந்ததால், தம்பலகாமத்து வயல்களுக்கும் குடாவுக்கும் மேலாக, வடகிழக்கை நோக்கிய 06ஆம் ஓடுபாதைக்கு இறங்கச் சொன்னார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய தளம் இது. உலகப்போருக்கு முன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் வட்ட வட்டமாகத் தெரிந்தன. பாதையில் நேராக நின்றபோது நான் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன்: ஓடுபாதையை நீட்டிக்கொண்டே போனால், உள்துறைமுகத்தைத் தாண்டி அதே கோட்டில் கோணேசர் கோயில் இருக்கும் கோணமலை நிற்கிறது. அம்மா கைகூப்பி, “கோணேசர் நேரே நிக்கிறார், மகன்” என்றார். நான் வேகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். 65 நொட். விமானம் மிதக்கவில்லை.

வாயிலில் தம்பி முச்சக்கரவண்டியோடு காத்திருக்க, அவர்களை அனுப்பிவிட்டு, எரிபொருளின் அளவைக் கோலால் அளந்து சரிபார்த்து, 4,500 அடியில் தனியாகத் திரும்பினேன். பின்காற்றில் ஒரு மணி எட்டு நிமிடம். இரத்மலானையில் ஹொப்ஸ் மீற்றர் 2.9 மணி நேரத்தைக் காட்டியது. முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த பூச்சிகளைத் துடைத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, தம்புள்ளைக்கருகில் காபரேட்டரில் பனி கட்டியதை விமானக் குறிப்பேட்டில் எழுதிக் கொடுத்தேன். அன்றிரவு ரயிலேறி, மறுநாள் காலை கடை திறந்ததும், நாட்காட்டியில் 90ஆவது நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன். அதற்குள் இன்னும் மூன்று முறையாவது எழும்பி இறங்க வேண்டும். அடுத்த இருக்கை தம்பிக்கு.