ஓர் இனிஷியல் படுத்திய பாடு: என் அஃபிலியேட் அனுபவம்

சமையலறைச் சாமான்களை வாங்கி, இரண்டு மூன்று மாதம் புழங்கிப் பார்த்துவிட்டு யூடியூபில் தமிழில் சொல்வது என் வேலை. வெட் கிரைண்டர், இரும்பு தோசைக்கல், குக்கர், இந்த மாதிரி. வீடியோவுக்குக் கீழே பொருளின் லிங்க் இருக்கும். அதைத் தொட்டு உள்ளே போய் யாராவது வாங்கினால் விற்பனைத் தளம் எனக்குக் கமிஷன் கொடுக்கும். இதற்குப் பெயர்தான் அஃபிலியேட். வாங்குகிறவருக்கு அதனால் விலை கூடாது. லிங்க் எடுத்துப் போடுவது இரண்டு நிமிட வேலை. ஆனால் 2024 தீபாவளிக்குச் சம்பாதித்த கமிஷன் முழுதாக என் கைக்கு வந்து சேர 2025 அக்டோபர் ஆகிவிட்டது. நடுவில் நடந்ததை எழுதி வைத்தால் இன்னொருவருக்காவது அலைச்சல் மிச்சமாகும்.

முதல் கணக்கு 2023இல் திறந்தேன். வீடியோ அப்போது நாலைந்துதான். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் போட்டேன். அக்கா ஒரு மிக்ஸி வாங்கினாள், சித்தி குக்கர் வாங்கினார். கணக்கில் 612 ரூபாய் ஏறியது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை. 180 நாள் முடிந்ததும் கணக்கை மூடிவிட்டதாக மெயில் வந்தது. அந்தத் தளத்தின் விதிப்படி 180 நாளுக்குள் செல்லத்தக்க விற்பனை குறைந்தது மூன்று இருக்க வேண்டும். நாமே வாங்குவதும், சொந்தக்காரர்கள் நமக்காக வாங்குவதும் செல்லாது. 612 ரூபாயும் போனது. விதிகளில் இது தெளிவாகவே இருந்தது. நான்தான் படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தியிருந்தேன். அந்தப் பக்கத்தை ஒருமுறை உட்கார்ந்து முழுசாகப் படித்துவிடுங்கள்.

2024 நடுவில் வேறு தளத்துக்குப் போகாமல் அதே இடத்தில் மறுபடி விண்ணப்பித்தேன். அதற்குள் சேனல் கொஞ்சம் வளர்ந்திருந்ததால் சிக்கல் இல்லாமல் கிடைத்தது. லிங்க்கைத் தொட்டவர் 24 மணி நேரத்துக்குள் அந்தத் தளத்தில் எதை வாங்கினாலும் நம் கணக்கில் வரும். எனக்கு வந்த முதல் நல்ல விற்பனை, சமையல் சாமான் லிங்க் வழியாகப் போன யாரோ வாங்கிய பள்ளிக்கூடப் பைகள். பொருள் திரும்பிப் போனால் கமிஷனும் திரும்பிப் போகும். அதனால் கணக்கில் தெரியும் தொகையை வந்த பணமாக எண்ணாதீர்கள். மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்துத்தான் வங்கிக்கு வரும்.

தீபாவளி நேரத்தில் கிரைண்டர் நன்றாகப் போனது. அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் சேர்த்து 24,300 ரூபாய். டிசம்பர் கடைசியில் வர வேண்டிய பணம் வரவில்லை. கேட்டதற்கு, வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் பான் கார்டில் உள்ள பெயரும் பொருந்தவில்லை, பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று பதில் வந்தது.

நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும். எனக்குப் பெயர் ஒன்றுதான், பின்னால் வருவதுதான் இடத்துக்கு ஓர் உருவம். பாஸ்புக்கில் அப்பாவின் இனிஷியல், ஒற்றை எழுத்து. பான் கார்டில் இனிஷியலை ஏற்க மாட்டார்கள் என்பதால் அப்பாவின் முழுப்பெயர். ஆதாரில் கணவரின் இனிஷியல், கல்யாணத்துக்குப் பிறகு ரேஷன் கார்டுக்காக மாற்றியது. மூன்றும் நான்தான். ஆனால் கம்ப்யூட்டருக்கு மூன்று பெண்கள்.

வங்கியில் கவுண்டரில் இருந்தவர் என் பேப்பர்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்களே ரெண்டு மூணு பேர் வெச்சிருந்தா நாங்க என்னம்மா பண்றது? ஆதார்ல என்ன இருக்கோ அதைத்தான் போடுவோம்" என்றார். ஆதாரில் உள்ளதைப் போட்டால் பானோடு மறுபடி பொருந்தாது. அதைச் சொல்ல வாய் திறப்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். மறுநாள் திருமணச் சான்றிதழும் பான் கார்டும் எடுத்துக்கொண்டு நேராக மேலாளரிடம் போனேன். அவர் பத்து நிமிடத்தில் பான் கார்டில் உள்ளபடியே மாற்றிக் கொடுத்தார். கவுண்டரில் முடியாது என்றால் மேலாளரைப் பார்க்கத் தயங்காதீர்கள்.

பிப்ரவரியில் பணம் வந்தது. 19,440 ரூபாய். 4,860 குறைவு.

கமிஷனுக்கு அப்போதைய வருமான வரிச் சட்டம் 194எச் பிரிவில் பிடிக்க வேண்டிய டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வரி), 2024 அக்டோபர் 1 முதல் 2 சதவீதம். அதன்படி 486 ரூபாய்தான் போயிருக்க வேண்டும். பிடித்திருந்தது 20 சதவீதம். காரணம், என் பான் செயலிழந்து கிடந்தது. ஆதாரோடு இணைக்க 2023 ஜூன் 30 கடைசி நாள். நான் இணைத்துவிட்டதாகவே நினைத்திருந்தேன். உண்மையில் நான் இணைத்தது வங்கிக் கணக்கோடு ஆதாரை. அது வேறு, இது வேறு. வருமான வரி இணையதளத்தில் உள்நுழையாமலே உங்கள் இணைப்பு நிலையைப் பார்க்கலாம். இதைப் படித்து முடித்ததும் அதைச் செய்துவிடுங்கள்.

தாமதக் கட்டணம் 1,000 ரூபாய் கட்டினேன். நாலைந்து நாள் பொறுத்து இணைக்கப் போனால், பெயர் பொருந்தவில்லை என்று திருப்பியடித்தது. சரி, ஆதாரில் அப்பாவின் முழுப்பெயரைச் சேர்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

முதல் நாள் பான் கார்டின் நகலோடு ஆதார் மையத்துக்குப் போனேன். ஒரிஜினலை ஸ்கேன் செய்ய வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் நாள் ஒரிஜினல் இருந்தது, டோக்கன் தீர்ந்துவிட்டது. கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணும் என்னோடு சேர்ந்து வெறுங்கையோடு திரும்பினாள். மூன்றாம் நாள் காலை ஏழரைக்கே போய் வரிசையில் நின்றேன்.

அங்கே இருந்த தம்பி வேகமாகத் தட்டினான். முடித்துவிட்டு மானிட்டரை என் பக்கம் திருப்பி, "சரியா பாருங்கக்கா" என்றான். முன்னால் நின்றவர்கள் எல்லாரும் ஒரு பார்வை பார்த்துத் தலையாட்டிவிட்டுத்தான் போனார்கள். நான் பான் கார்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, ஆங்கில எழுத்துக்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தேன். அப்பா பெயரில் இரண்டு 'ஏ' சேர்ந்து வரும் இடத்தில் ஒன்றுதான் இருந்தது. கீழே தமிழில் தானாக விழுந்த எழுத்தில் 'ண' இருக்க வேண்டிய இடத்தில் 'ன'. இரண்டையும் சொன்னேன். பின்னால் வரிசையில் முணுமுணுத்தார்கள். பரவாயில்லை என்று நின்றேன். அவன் பொறுமையாகத் திருத்திக் கொடுத்தான். கட்டணம் அப்போது 50 ரூபாய். ஆதாரில் பெயர் மாற்ற வாழ்நாளில் இரண்டே வாய்ப்பு. கல்யாணத்துக்குப் பிறகு ஒன்று போயிருந்தது, இது இரண்டாவது. அந்த ஒற்றை எழுத்தை விட்டிருந்தால் என் நிலைமை என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

அப்புறம் பான் இணைப்பு ஒரே முயற்சியில் முடிந்தது. கட்டிய 1,000 ரூபாயை மறுபடி கட்டச் சொல்லவில்லை.

பிடித்த 4,860 ரூபாயை வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்துதான் திரும்ப வாங்க முடியும். முதலில் 26ஏஎஸ் படிவத்தில் (நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் பட்டியல்) அந்தத் தொகை நம் பெயரில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சம்பளக்காரர்கள் போடும் ஐடிஆர்-1 என்ற கணக்குப் படிவத்தைத்தான் நானும் நிரப்பத் தொடங்கினேன். தெரிந்த ஆடிட்டர் அண்ணன் தடுத்தார். கமிஷன் வருமானத்துக்கு அது ஆகாது, ஐடிஆர்-3 போட வேண்டும் என்று அவரே உட்கார்ந்து போட்டுக் கொடுத்தார். அக்டோபரில் ஒரு நாள் சாயங்காலம், மாவு அரைத்துக்கொண்டிருக்கும்போது பணம் வந்ததாக எஸ்எம்எஸ் வந்தது. கிரைண்டரை நிறுத்திவிட்டு இரண்டு முறை படித்தேன்.

இன்னொன்று. ஒவ்வொரு வீடியோவிலும், 'இந்த லிங்க் வழியாக வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும்' என்று லிங்க்குக்கு மேலேயே தமிழில் எழுதுகிறேன். விளம்பரத் தர நிர்ணய அமைப்பான ஆஸ்கி 2021இலும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் இதை வலியுறுத்தியிருக்கின்றன. அவர்கள் சொல்லாவிட்டாலும் எழுதுவேன். என் பேச்சை நம்பி ஒருவர் பத்தாயிரம் ரூபாய் கிரைண்டர் வாங்குகிறார், எனக்கு அதில் என்ன வருகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். எழுதியதால் என் விற்பனை குறையவும் இல்லை.

கணக்கு மூடப்பட்டவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பழைய ஐடியோடு போட்ட லிங்க்குகள் இன்னும் திறக்கும், மக்கள் அதில் போய் வாங்கவும் செய்வார்கள், கமிஷன் மட்டும் நமக்கு வராது. புதுக் கணக்கு வந்த பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் இதை நான் பார்க்கவே இல்லை. அதிகம் பேர் பார்த்த என் தோசைக்கல் வீடியோ அந்தப் பழைய லிங்க்கோடுதான் இருந்திருக்கிறது. போன வாரம் அதை மாற்றினேன். இன்னும் மூன்று வீடியோ பாக்கி.