வெள்ளி நாணயத்தில் ஏறும் நிறம்

வெள்ளிப் பாத்திரம் கறுத்துப்போவதை அறியாத வீடு நம் ஊரில் இருக்காது. ஆனால், அந்தக் கறுப்பு வருவதற்கு முன்னால் பொன்மஞ்சள், செம்பழுப்பு, ஊதா, நீலம் என்று ஒரு நிற வரிசை வந்து போகிறது என்பதைப் பெரும்பாலும் நாணயம் சேர்ப்பவர்கள்தான் கவனித்திருப்பார்கள். பாத்திரத்தை அவ்வப்போது துலக்கிவிடுகிறோம் என்பதால் அங்கே அந்த வரிசைக்கு இடமில்லை. பல ஆண்டுகள் யார் கையும் படாமல் பையிலோ அட்டையிலோ கிடந்த நாணயத்தில்தான் அது நிதானமாக விரிகிறது. சேகரிப்பாளர்கள் இதை ‘டோனிங்’ என்பார்கள். இது எங்கே, எந்த நிறத்தில், எந்த ஓரத்திலிருந்து தொடங்கியிருக்கிறது என்று பார்த்தால், அந்த நாணயம் எப்படி வைக்கப்பட்டிருந்தது என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம் என்பதுதான் எனக்கு இதில் உள்ள ஈர்ப்பு.

சாதாரண வெப்பநிலையில் காற்றிலுள்ள ஆக்சிஜன் மட்டும் வெள்ளியைக் கறுக்கச் செய்வதில்லை. காற்றில் மிகமிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு போன்ற கந்தக வாயுக்கள், ஈரப்பதத்தின் துணையோடு வெள்ளியின் மேற்பரப்பில் வினைபுரிந்து வெள்ளி சல்பைடு என்னும் மெல்லிய படலத்தை உண்டாக்குகின்றன. மட்டமான அட்டை, கம்பளித் துணி, ரப்பர் ஆகிய எல்லாவற்றிலும் கந்தகம் உண்டு. நாணயக் கட்டின் மேல் ரப்பர் பேண்டு போட்டு ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால், அது தொட்ட இடத்தில் மட்டும் மை தீட்டியதுபோல ஒரு கருங்கோடு விழுந்திருக்கும். (கூவக்கரையில் குடியிருப்பவர்களின் வெள்ளிச் சாமான்கள் சீக்கிரம் கறுப்பதற்கும் அந்த நாற்றத்திலுள்ள இதே வாயு ஒரு காரணம்.)

படலத்துக்கென்று அந்த நீலமும் ஊதாவும் சொந்தமில்லை. மேலே விழும் ஒளியில் ஒரு பகுதி படலத்தின் மேற்புறத்திலேயே திரும்பிவிடுகிறது. மறுபகுதி உள்ளே சென்று, அடியிலுள்ள வெள்ளியில் பட்டுத் திரும்புகிறது. இவ்விரண்டும் மீண்டும் சந்திக்கும்போது, படலத்தின் தடிப்பைப் பொறுத்து ஏதேனும் ஒரு நிறம் அழிந்து, எஞ்சியது நம் கண்ணுக்கு வருகிறது. மழைநீரில் மிதக்கும் எண்ணெயில் தெரியும் நிறங்களும் இதே குறுக்கீட்டு விளைவால் வருபவைதான். படலம் மிக மெல்லியதாக இருக்கும்போது நீலம் அழிந்து மஞ்சள் தெரிகிறது. சற்றுத் தடித்ததும் பச்சை அழிந்து ஊதாச் சிவப்பு. அதற்கும் மேலே சிவப்பு அழிந்து நீலம். பிறகு மஞ்சளும் ஊதாச் சிவப்பும் இரண்டாம் முறையாகத் திரும்பி வருகின்றன. நல்ல பச்சையைப் பெரும்பாலும் இந்தச் சுற்றில்தான் பார்க்க முடிகிறது. அதைத் தாண்டினால் நிறங்கள் மங்கிக் கறுப்பில் போய் முடியும். முதல் சுற்று முடியும்போதுகூடப் படலத்தின் தடிப்பு ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு அமெரிக்காவின் மோர்கன் டாலர். 1878 முதல் 1904 வரையிலும், பின்னர் 1921-லும் அச்சிடப்பட்ட இந்த நாணயம் 26.73 கிராம் எடையுள்ளது. 90 விழுக்காடு வெள்ளி, மீதி செம்பு. மாதந்தோறும் 20 லட்சம் டாலருக்குக் குறையாமல் வெள்ளி வாங்கி நாணயமாக்க வேண்டும் என்று 1878-இல் போடப்பட்ட பிளாண்டு-அலிசன் சட்டம் அந்நாட்டுக் கருவூலத்தைக் கட்டாயப்படுத்தியது. இவ்வளவு பெரிய காசைப் பையில் போட்டுக்கொண்டு அலைய மக்களுக்கு விருப்பமில்லை. ஆகவே அவற்றுக்கு ஈடாகத் தாள் பணம் புழங்க, நாணயங்கள் ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பைகளில் கட்டப்பட்டு, பை ஒன்று 26 கிலோவுக்கும் மேல் கனக்க, பெட்டகங்களில் அடுக்கப்பட்டன. 1960-களின் தொடக்கத்தில் அந்தப் பைகள் பெருமளவில் வெளியே வந்தபோது, நடுவில் கிடந்த நாணயங்கள் நேற்று அச்சிட்டவைபோல வெள்ளைவெளேர் என்றிருக்க, துணியை ஒட்டிக் கிடந்தவை நிறமேறியிருந்தன. அதுவும் பெரும்பாலும் துணியைப் பார்த்த பக்கத்தில் மட்டும். சிலவற்றில் நெசவின் குறுக்கும் நெடுக்குமான இழைத்தடம் அப்படியே படிந்திருக்கும். இன்னும் சிலவற்றில் பிறைவடிவ எல்லைக்கோடு ஒன்று தெரியும். அதற்கு ஒருபுறம் வானவில், மறுபுறம் வெறும் வெள்ளி. மேலே இன்னொரு நாணயம் சாய்ந்து கிடந்து, காற்றை மறைத்த இடம் அது.

ஆல்பத்தில் இருந்தவற்றின் கதை வேறு. 1930-களில் அமெரிக்க நாணய வணிகர் வேய்ட் ரேமண்ட் விற்ற ஆல்பங்களில் அட்டைப் பக்கத்தில் துளையிட்டு நாணயத்தைப் பொருத்துவார்கள். கந்தகம் அந்த அட்டையிலிருந்து வந்ததால் நிறம் விளிம்பில் தொடங்கி, வளையம் வளையமாக மையத்தை நோக்கி நகர்ந்தது. விளிம்பில் நீலம், அதற்கு உள்ளே ஊதாச் சிவப்பு, அதற்கும் உள்ளே பொன்மஞ்சள், நடுவில் நிறமற்ற வெள்ளி.

போலி நிறத்தைப் பிடிக்க உதவுவதும் இந்த வரிசைதான். கந்தகக் கரைசலில் முக்கியோ அடுப்பில் வைத்துச் சூடாக்கியோ ஒரு பிற்பகலில் நிறமேற்றியவர்கள் சந்தையில் நிறைய இருக்கிறார்கள். நீலத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே இருக்க வேண்டிய ஊதாவும் மஞ்சளும் காணாமல் நிறம் திடீரென்று தாவியிருந்தால் நான் அந்த நாணயத்தைக் கீழே வைத்துவிடுவேன். விளக்கின் கீழே மெல்லச் சாய்த்துப் பார்ப்பதும் உதவும்: இயல்பான படலத்தின் அடியில் அச்சின்போது ஏற்பட்ட பளபளப்பு சக்கர ஆரங்கள்போலச் சுழன்று வரும், செயற்கையானவற்றில் பலவும் மேலே வண்ணம் பூசியதுபோல உயிரற்றுத் தெரியும். 1986-இல் தொடங்கிய பிசிஜிஎஸ், அடுத்த ஆண்டு வந்த என்ஜிசி ஆகிய தரச்சான்று நிறுவனங்களும் நிறத்தில் ஐயம் இருந்தால் வழக்கமான தரம் கொடுப்பதில்லை. இருந்தும், எல்லா நாணயத்திலும் உறுதியாகத் தீர்ப்புச் சொல்லிவிட முடியும் என்று நான் நம்பவில்லை. வானவில் நிறத்துக்காக மும்மடங்கு, நான்மடங்கு விலை கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சற்றுக் கவலையாகத்தான் இருக்கிறது.

நம் பக்கத்து வெள்ளி ரூபாய்க்கும் மோர்கன் டாலருக்கும் நேரடி உறவே உண்டு. முதல் உலகப் போரின்போது இந்தியாவில் வெள்ளித் தட்டுப்பாடு ஏற்பட, 1918-இல் வந்த பிட்மன் சட்டத்தின்படி அமெரிக்கா சுமார் 27 கோடி டாலர் நாணயங்களை உருக்கியது. அதில் ஏறக்குறைய 26 கோடி நாணயங்களின் வெள்ளி, இந்திய ரூபாய் அச்சிடுவதற்காகப் பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. 11.66 கிராம் எடையும் 91.7 விழுக்காடு வெள்ளியும் கொண்ட ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ரூபாயிலும் இதே நிறங்கள் ஏறும். ஆனால், நல்ல நிறமுள்ள ரூபாய் நம் வீடுகளில் அகப்படுவது அரிது. கொலுசாகவும் அரைஞாணாகவும் உருகிப்போனவை போக, எஞ்சியவற்றைப் பூஜைத் தட்டோடு சேர்த்து விபூதியும் புளியும் போட்டுத் தேய்த்துவிட்டோம். அப்படித் தேய்க்கும்போது சல்பைடோடு அச்சின் பளபளப்பும் போய்விடும். கறுப்பை நீக்கத் தயோயூரியா கலந்த அமிலக் கரைசலில் முக்கினாலும் ஒவ்வொரு முறையும் சிறிது வெள்ளி கரைந்துவிடும்.

மஞ்சளோ நீலமோ ஏறிய ரூபாய் கையில் இருந்தால் அதைத் துலக்காமல் விட்டுவிட்டு, ஓரத்தைப் பிடித்தெடுத்துக் காற்றுப்புகாத கேப்சூலில் (நாணயத்துக்கென்றே உள்ள கெட்டிப் பிளாஸ்டிக் கூடு) போட்டு, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை வைத்தால் போதும். பிவிசி கலந்த மென்மையான பிளாஸ்டிக் உறை மட்டும் வேண்டாம். அது சில ஆண்டுகளில் பச்சையாகப் பிசுபிசுத்து நாணயத்தையே அரிக்கும். அந்தப் பசை தெரிந்தால் தூய அசிட்டோனில் ஊறவைத்து எடுக்கலாம். பசை போய்விடும், சல்பைடு நிறம் அப்படியே இருக்கும்.